கம்பெனிப் பெயரும் கருவியின் ஆயுளும்

ஒரே பில்லில் வாங்கிய இரண்டு மதர்போர்டுகள், அதாவது கணினியின் பாகங்களையெல்லாம் இணைக்கும் பலகைகள், என் மேசைமேல் கிடக்கின்றன. ஒரே நிறுவனம், ஒரே மாடல். சீரியல் எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டுமே வேறு. ஒன்று வேலூர் சத்துவாச்சாரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறு ஆண்டுகள் ஓடி, வேகம் போதவில்லை என்பதற்காக மட்டும் கழற்றப்பட்டது. மற்றொன்று ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் கணக்கு அறையில் பதினான்கே மாதத்தில் நின்றுபோனது. இரண்டாவதை லென்ஸ் வைத்துப் பார்த்தால், ரேம் செருகும் இடத்தை ஒட்டியுள்ள சிறு துளைகளைச் சுற்றி, பச்சைப் பூச்சின்மேல் மை கசிந்ததுபோலக் கருப்பாகப் படர்ந்திருப்பது தெரியும். அந்த போர்டைக் கொண்டுவந்து வைத்த முதலாளி, "இந்தக் கம்பெனியே வேணாம்பா, சுத்த மோசம்" என்றார். ஆடிட்டரோ அதே கம்பெனியைத்தான் உறவினர்களுக்கெல்லாம் சிபாரிசு செய்துகொண்டிருக்கிறார்.

இருவர் சொல்வதும் அனுபவித்துச் சொல்வதுதான். ஆனால் அந்த இரண்டு அனுபவங்களிலிருந்தும் அந்த நிறுவனத்தின் தரத்தைப் பற்றி நாம் அறிந்துகொள்ளக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. வேலூரில் கணினி வாங்க வருகிறவர் முதலில் கேட்கும் கேள்வி "எந்தக் கம்பெனி போடலாம்?" என்பதாகவே பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. பழுது பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் நான் கண்டது வேறு. பழுதாகும் வாய்ப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதைவிட, மாடலுக்கு மாடலும், தயாரான காலத்துக்குக் காலமும், வைத்திருக்கும் இடத்துக்கு இடமும் அதிகமாக மாறுகிறது. பெயரைக் கொண்டு நம்மால் ஓரளவுக்கு ஊகிக்க முடிவது, பழுது வந்த பிறகு அந்த நிறுவனம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டுமே.

இதற்குத் தெளிவான சான்று ஹார்டு டிஸ்க்கில் கிடைக்கிறது; ஏனென்றால் அதில்தான் வெளிப்படையான கணக்கு இருக்கிறது. கலிபோர்னியாவில் தரவுக் காப்பகம் நடத்தும் பேக்பிளேஸ் நிறுவனம், தான் ஓட்டும் ஒவ்வொரு மாடலும் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு பழுதாகிறது என்ற விவரத்தைப் பத்தாண்டுகளுக்கு மேலாக வெளியிட்டு வருகிறது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகள் அங்கே ஓடுகின்றன. அண்மை ஆண்டுகளின் மொத்தச் சராசரி ஒன்றரை விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. 2014ஆம் ஆண்டுக் கணக்கில், சீகேட் நிறுவனத்தின் 3 டெராபைட் மாடலான எஸ்டி3000டிஎம்001, நாற்பது விழுக்காட்டையும் தாண்டிப் பழுதானது. அதே ஆண்டில், அதே நிறுவனத்தின் 4 டெராபைட் மாடல் மூன்று விழுக்காட்டை ஒட்டியே நின்றது. பெட்டியின்மேல் ஒட்டியிருந்த பெயர் ஒன்றுதான். பழுதோ பத்து மடங்குக்கு மேல் வேறுபட்டது. அந்த 3 டெராபைட் டிஸ்க்குகள் சந்தைக்கு வந்த காலத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 2011இல் தாய்லாந்தில் வந்த பெருவெள்ளத்தில் ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கி, உலகெங்கும் டிஸ்க் கிடைக்காமல் விலை ஏறியிருந்தது. பேக்பிளேஸே வெளியில் செருகும் டிஸ்க்குகளைக் கடைகளில் வாங்கி, உறையை உடைத்துப் பயன்படுத்திய காலம் அது. அந்த ஆண்டின் கடைசியில் சீகேட்டும், 2012 ஜனவரியில் வெஸ்டர்ன் டிஜிட்டலும் பல டெஸ்க்டாப் மாடல்களின் வாரண்டியைக் குறைத்தன. சீகேட் சிலவற்றுக்கு ஓராண்டு மட்டுமே கொடுத்தது. தன் பொருளைப் பற்றி ஒரு நிறுவனம் தானே என்ன மதிப்பு வைத்திருக்கிறது என்பதற்கு, விளம்பரத்தைவிட இப்படிப்பட்ட மாற்றத்தையே நான் பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்வேன்.

பெயர் எவ்வளவு மெதுவாக உண்மையைப் பின்தொடர்கிறது என்பதற்கு ஐபிஎம் வரலாறு போதும். 1956இல் உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை வெளியிட்ட நிறுவனம் அது. அந்தத் துறையில் அதற்கு மேல் ஒரு பெயர் இல்லை. அதே நிறுவனம் 2000இல் கொண்டுவந்த டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி என்ற மாடல் கொத்துக்கொத்தாகப் பழுதாகி, 'டெத்ஸ்டார்' என்ற பட்டப்பெயரை வாங்கியது. 2001இல் அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2002இல் ஐபிஎம் தன் ஹார்டு டிஸ்க் பிரிவையே ஹிட்டாச்சிக்கு விற்க ஒப்பந்தம் செய்துகொண்டது. கெட்ட பெயரோடு கைமாறிய அந்தப் பிரிவிலிருந்து ஹிட்டாச்சி என்ற பெயரில் வந்த டிஸ்க்குகள்தாம், பத்தாண்டு கழித்து, பேக்பிளேஸ் கணக்கில் மிகக் குறைவாகப் பழுதானவற்றின் வரிசையில் நின்றன. 2012இல் அந்தப் பிரிவும் வெஸ்டர்ன் டிஜிட்டலின் கைக்குப் போய்விட்டது. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகும், 'டெத்ஸ்டார்' காலத்து நினைவை வைத்துக்கொண்டே ஹிட்டாச்சி டிஸ்க்கை ஒதுக்கிய கடைக்காரர்களை எனக்குத் தெரியும்.

கடைக்காரரின் கணிப்பு ஏன் தவறுகிறது என்பதைச் சிறு கணக்கால் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு விழுக்காடு பழுதாகும் நல்ல டிஸ்க் ஒன்றையும், மூன்று விழுக்காடு பழுதாகும் சுமாரான டிஸ்க் ஒன்றையும் ஒரு கடையில் நாற்பது நாற்பதாக விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல டிஸ்க்கில் ஒன்றாவது ஓராண்டுக்குள் திரும்பி வரும் வாய்ப்பு சுமார் முப்பத்து மூன்று விழுக்காடு. சுமாரான டிஸ்க்கில் ஒன்றுகூடத் திரும்பி வராமல் இருக்கும் வாய்ப்பு சுமார் முப்பது விழுக்காடு. ஆகவே நேர்மையான கடைக்காரர்கள் பலர், தாங்கள் கண்ணால் கண்டதை அப்படியே நம்பி, நல்லதைக் கெட்டது என்றும் கெட்டதை நல்லது என்றும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இத்தனைக்கும் அவர்கள் இன்று சொல்வது இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் விற்ற சரக்கைப் பற்றி; அந்த மாடல் இப்போது விற்பனையிலேயே இருக்காது.

நிறுவனங்கள் தாமே அச்சிடும் எண்களும் இந்த இடத்தில் அதிகம் உதவுவதில்லை. பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம் பத்து லட்சம் மணி என்று டிஸ்க்கின் விவரத்தாளில் போட்டிருப்பார்கள். பத்து லட்சம் மணி என்பது 114 ஆண்டுகள். எந்த டிஸ்க்கும் அவ்வளவு நாள் ஓடப்போவதில்லை, அப்படி ஓடும் என்று அவர்கள் சொல்லவும் இல்லை. ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டினால் ஆண்டுக்கு 0.88 விழுக்காடு பழுதாகும் என்பதே அதன் பொருள். 2007இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள், பல பெரிய கணினி மையங்களில் ஓடிய ஏறத்தாழ ஒரு லட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளைப் பார்த்தபோது, ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு வரை மாற்றப்படுவது சாதாரணமாகவும், சில இடங்களில் 13 விழுக்காடு வரையும் இருந்தது. அச்சிட்ட எண்ணுக்கும் நடப்புக்கும் இடையில் பல மடங்கு வித்தியாசம்.

இனி கெபாசிட்டர் கதை. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கணினி வைத்திருந்தவர்களுக்கு "கெபாசிட்டர் உப்பிடுச்சு" என்ற சொல் பழக்கமானது. மதர்போர்டில் செயலியைச் சுற்றி நின்று மின்சாரத்தைச் சீராக்கும் இந்தச் சிறு உருளைகளின் தலை, தட்டையாக இருக்க வேண்டியது, பூரிபோல மேலே எழும்பியிருக்கும். சிலவற்றில் கீறல் வழியாகப் பழுப்புநிறக் கசிவு காய்ந்திருக்கும். உள்ளே இருந்த நீர் கலந்த மின்பகுதிரவத்தில் அலுமினியத்தைக் காக்கும் சேர்மானங்கள் சரியாக இல்லாததால் ஹைட்ரஜன் வாயு உண்டாகி உருளையை உப்பவைத்தது. தைவானில் தயாரான மலிவான கெபாசிட்டர்களோடுதான் இந்தக் கோளாறு முதலில் சேர்த்துப் பேசப்பட்டது. "ஜப்பான் கெபாசிட்டர்" என்று அட்டைப்பெட்டியில் அச்சிடும் வழக்கம் வேரூன்றியது அதற்குப் பிறகுதான். ஆனால் அந்தக் காலத்தின் மிகப் பெரிய பாதிப்புகளில் ஒன்று டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளில் நேர்ந்தது. அவற்றில் இருந்தவை ஜப்பானின் பேர்பெற்ற நிச்சிகான் நிறுவனத்தின் கெபாசிட்டர்கள். 2003 மே முதல் 2005 ஜூலை வரை பழுதாகக்கூடிய குறைந்தது 1 கோடியே 18 லட்சம் கணினிகளை டெல் அனுப்பியிருந்தது என்பது பின்னர் நீதிமன்ற ஆவணங்கள் வழியாக வெளிவந்தது. அவற்றைச் சரிசெய்ய 2005இல் அந்த நிறுவனம் 30 கோடி டாலரை ஒதுக்கியது. நல்ல பெயருள்ள நாட்டின் நல்ல பெயருள்ள கம்பெனி செய்த பாகம், நல்ல பெயருள்ள கம்பெனியின் கணினியில்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நாம் பெயர் சொல்லி வாங்கும் பலவற்றைச் செய்வது அந்தப் பெயருக்குரியவர் அல்லர். மடிக்கணினிகளில் பெரும்பங்கு குவாண்டா, காம்பால், விஸ்ட்ரான், இன்வென்டெக் போன்ற தைவான் நிறுவனங்களால் செய்யப்பட்டு, போட்டி நிறுவனங்களின் பெயர்களில் வெளிவருகிறது. கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை விற்கும் பல பிரபலப் பெயர்களுக்குச் சானல் வெல், சீசானிக், எஃப்எஸ்பி முதலியோர் செய்து தருகிறார்கள். ஹார்டு டிஸ்க் செய்வோர் உலகிலேயே மூன்று பேர்தாம் எஞ்சியிருக்கிறார்கள்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா.

மாடல் பெயரும் நிலையானதன்று என்பது இன்னும் வருத்தம் தருவது. விமர்சகர்களின் கைக்கு முதலில் போகும் சரக்கு ஒன்று, ஆறு மாதம் கழித்து அதே பெயரில் காட்பாடிக் கடைக்கு வரும் சரக்கு இன்னொன்று. கிங்ஸ்டன் நிறுவனத்தின் வி300 என்ற எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாமல் சில்லில் சேமிக்கும் டிஸ்க்) வெளிவந்து நல்ல பெயர் வாங்கிய பிறகு, உள்ளிருந்த நினைவகச் சில்லை வேகம் குறைந்த வகைக்கு மாற்றினார்கள். மாடல் பெயர் மாறவில்லை. 2014இல் அது வெளிப்பட்டது. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசை டிஸ்க்குகள் சிலவற்றில், தடங்களை ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் முறையைப் பயன்படுத்தியிருந்ததை 2020 ஏப்ரலில்தான் வெளிப்படையாகச் சொன்னது. பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டுவோர், ஒன்று பழுதாகிப் புதியதைப் போட்டு மீட்டெடுக்கும்போது, அந்த முறையால் வேலை மிக நீண்டு இடையிலேயே தோற்கவும் செய்தது. சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே விற்ற வரிசை அது. இதை நான் பழுது என்று மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டேன். நம்பிக்கையைக் கெடுத்த செயல் என்றே சொல்வேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். வேலூரை வெயிலூர் என்று சொல்வது சும்மா இல்லை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் இங்கே வழக்கம். வெப்பம் ஹார்டு டிஸ்க்கைக் கொன்றுவிடும் என்ற பொதுக் கருத்து அப்படியே சரியன்று. 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்து, மிக அதிக வெப்பத்திலும் வயதான டிஸ்க்குகளிலும்தான் தெளிவான பாதிப்பு தெரிகிறது என்று கண்டார்கள். வெப்பம் உண்மையில் தின்பது கெபாசிட்டரின் ஆயுளை. பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் பொதுக் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி என்று குறிக்கப்பட்ட கெபாசிட்டர், 55 டிகிரியில் 64,000 மணி வரை தாங்கும்; 70 டிகிரியில் அது ஏறக்குறைய 22,600 மணியாகச் சுருங்கிவிடும். குளிரூட்டிய 25 டிகிரி அறைக்கும், தகரக் கூரையின் கீழுள்ள 40 டிகிரி அறைக்கும் இடையிலான பதினைந்து டிகிரி வித்தியாசம் பெட்டிக்குள்ளும் அப்படியே கூடினால், அதன் விலை இதுதான். எஸ்எம்பிஎஸ் பெட்டியில் தங்கநிறத்தில் ஒட்டியிருக்கும் '80 பிளஸ்' முத்திரையை ஆயுளுக்கான சான்று என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போகிறது என்பதற்கான சான்று; அந்தச் சோதனை சுமார் 23 டிகிரி அறை வெப்பத்தில் செய்யப்படுவது. நம் வீட்டில் நள்ளிரவில்கூட மே மாதத்தில் அந்த வெப்பநிலை வருவதில்லை.

வெயிலைவிட வட ஆர்க்காட்டுக்கே உரிய இன்னொன்று, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து டேனரிகளின் காற்று. தோலிலிருந்து மயிரை நீக்க, சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்த்து ஊறவைக்கிறார்கள். அடுத்த கட்டங்களில் அமிலம் சேரும்போது, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளிவருகிறது. செம்பும் வெள்ளியும் அந்த வாயுவோடு சேர்ந்து கருப்பான சல்ஃபைடாக மாறும். டேனரிக்கு அருகில் வசிப்பவர்களின் வெள்ளிக் கொலுசு கருப்பதும் இதனால்தான். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு, போர்டுகளில் ஈயப் பூச்சுக்குப் பதிலாக மெல்லிய வெள்ளிப் பூச்சு முதலியன வந்தன. கந்தகக் காற்றுள்ள இடங்களில் அந்த வெள்ளிப் பூச்சின் விளிம்பிலிருந்து செம்பு சல்ஃபைடு ஊர்ந்து படர்ந்து, அடுத்தடுத்த தடங்களை இணைத்துவிடுகிறது. மின்தடைகளுக்குள் இருக்கும் வெள்ளி முனைகளும் அரிக்கப்பட்டு அறுந்துபோகின்றன. ஆம்பூர் போர்டில் மை கசிந்ததுபோலத் தெரிந்தது இதுவே. தொழிற்கூடக் காற்றை அளக்கும் ஐஎஸ்ஏ 71.04 என்ற தர அளவுகோல், ஒரு மாதத்தில் செம்புத் தகட்டின்மேல் 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) குறைவான அரிப்பு ஏற்படும் இடத்தைத்தான் மின்னணுக் கருவிகளுக்குப் பாதுகாப்பானது என்று வகுக்கிறது. சாதாரண மேசைக் கணினியை உருவாக்குகிறவர் இப்படிப்பட்ட காற்றை மனத்தில் வைத்து உருவாக்குவதில்லை. அரிப்பு தெரிந்தால் வாரண்டி கிடையாது என்ற வரியும் பெரும்பாலான வாரண்டித் தாள்களில் இருக்கிறது. ஆக, எந்தக் கம்பெனியின் போர்டை அங்கே வைத்திருந்தாலும் அதே கதி நேர்ந்திருக்கும். அடுத்த கணினியை, தோல் ஊறவைக்கும் தொட்டிகளை விட்டுத் தள்ளி மறுபக்கத்தில், சன்னல் அடைத்த மாடி அறையில் வைக்கச் சொன்னேன். இரவில் அணைத்துக் கிடக்கும்போது ஈரமும் சேர்ந்து அரிப்பைக் கூட்டும் என்பதால் உறை போட்டு மூடுவதால் மட்டும் பயனில்லை என்பதையும் விளக்கினேன்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வரி போதும்: எர்த் சரியில்லாத கட்டடத்தில் மாறிமாறி மூன்று கம்பெனி எஸ்எம்பிஎஸ் போட்டுப் பார்த்துவிட்டு மூன்றையும் திட்டுகிறவர்கள், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் கம்பெனிப் பெயருக்கு மதிப்பே இல்லையா? உண்டு. குறை வெளிப்பட்ட பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில் அது இருக்கிறது. அதிலும் ஒரே நிறுவனம் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு விதமாக நடந்திருக்கிறது. 1994இல் இன்டெல்லின் பென்டியம் செயலி சில வகுத்தல் கணக்குகளைத் தவறாகப் போடுவதைத் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்துச் சொன்னார். உங்கள் வேலைக்கு அந்தக் கணக்கு உண்மையில் தேவைப்படுகிறது என்று காட்டினால்தான் மாற்றித் தருவோம் என்பது இன்டெல்லின் முதல் நிலைப்பாடு. எதிர்ப்பு வலுத்த பிறகே, டிசம்பரில், கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தருவதாக அறிவித்தது. அந்தத் தவறுக்கு அது ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். 2011 ஜனவரியில் அதே நிறுவனம், செயலியை மற்ற பாகங்களோடு இணைக்கும் தன் புதிய சிப்செட்டில் டிஸ்க் இணைப்புகள் சில காலப்போக்கில் தளர்ந்துபோகும் என்று தெரிந்ததும், பெரிய கூக்குரல் எதுவும் எழும் முன்பே தானாக அனுப்புவதை நிறுத்தி, 70 கோடி டாலர் செலவில் சரிசெய்வதாகச் சொன்னது. 2024இல் 13ஆம், 14ஆம் தலைமுறைச் செயலிகள் காரணம் புரியாமல் நின்றுபோனபோது, பல மாதம் மதர்போர்டு அமைப்புகளின் பக்கமே பேச்சு போய்க்கொண்டிருந்தது. பிறகுதான் செயலி அதிக மின்னழுத்தம் கேட்பதே காரணம் என்று ஒப்புக்கொண்டு, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். இந்த மூன்றில் நான் மதிப்பது 2011இல் நடந்ததை. பழுது யாருக்கும் வரும். வாங்கினவன் நிரூபிக்கட்டும் என்று காத்திருக்காததுதான் பெரிய விஷயம்.

வேலூரில் வாங்குகிறவருக்கு இன்னொரு படி இருக்கிறது. மதர்போர்டு, டிஸ்க் போன்ற உதிரிகளுக்கு இங்கே வாரண்டி தருவது பெரும்பாலும் தயாரிப்பாளர் நேரடியாக அல்ல, இறக்குமதி செய்யும் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக. பொருள் சென்னைக்குப் போய், அங்கிருந்து வேறெங்கோ போய், மூன்று வாரமோ ஆறு வாரமோ கழித்துத் திரும்பும். வருவது பழுது நீக்கிய வேறொருவரின் பழைய போர்டாகவும் இருக்கலாம். எனக்கே ஒருமுறை, அனுப்பிய போர்டில் இருந்த அதே கோளாறோடு இன்னொரு போர்டு வந்து சேர்ந்தது. ஆகவே "எந்தக் கம்பெனி நல்லா இருக்கும்ணே?" என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பவை வேறு: "இந்த மாடல் வந்து எவ்வளவு நாளாச்சு? வாரண்டி எத்தனை வருஷம்? பழுதானா யார்கிட்ட கொடுக்கணும்னு கடையில எழுதித் தருவாங்களா தம்பி?" பெயரில்லாத எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒதுக்கச் சொல்லுவேன்; அதில் மிச்சமாகும் ஆயிரம் ரூபாய்க்காக மற்ற எல்லாப் பாகங்களையும் பணயம் வைப்பதாகும்.

கடையும் சர்வீஸ் சென்டரும் கைவிரித்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஊர் எதுவானாலும், நாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. அங்கே எடுபடுபவை பில், சீரியல் எண், பொருளை ஒப்படைத்தபோது வாங்கிய ஜாப் ஷீட் (பழுது விவரம் எழுதிய ரசீது) ஆகியவை. ஜாப் ஷீட்டில் "போர்டு டெட்" என்று இரண்டு சொல் எழுதி நீட்டுவார்கள். வெளிப்புறச் சேதம் இல்லை, துரு இல்லை, கெபாசிட்டர் உப்பவில்லை என்பதையும் அதிலேயே எழுத வைத்து, அவர்கள் எதிரிலேயே போர்டின் இரு பக்கங்களையும் படம் எடுத்துக்கொண்ட பிறகு கொடுங்கள்.